வெந்நீர் அக்காவுக்கு

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய ஐயா,

என்னை உங்களுக்குத் தெரியாது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குப் பவர் பார்த்து, ஃப்ரேமை முகத்துக்குத் தகுந்தபடி வளைத்து மாட்டிவிடுவது என் வேலை. எனக்கு ஒரே பெண். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுகிறோம். நாலு வயது முடியப்போகிறது. இதுவரை அவள் உட்கார்ந்ததில்லை. கழுத்து நிற்கவில்லை. விழுங்கத் தெரியாததால் வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் பால் போகிறது. ஒரு நாளைக்குப் பல தடவை கைகால் வெட்டி இழுப்பு வரும்.

மூளையின் பின்பக்கம் வளரவில்லை என்று பிறந்த சில மாதத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஏன் வளரவில்லை என்பதைப் போன வருஷம்தான், ரத்தம் அனுப்பிப் பார்த்துச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் ஒரு நொதியின் பெயர் இருந்தது. அதை ஃபோனில் தட்டித் தேடினேன். வந்தது அத்தனையும் இங்கிலீஷ். தமிழில் ஒன்றே ஒன்று, அறிவியல் மாத இதழில் நீங்கள் எழுதிய கட்டுரை. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நாலைந்து தடவை படித்தேன்.

எனக்குப் புரிந்தது சரிதானா என்று பாருங்கள். உடம்பில் புரதம் கட்டும் இடத்துக்குச் சாமான் தூக்கிக்கொண்டு போகிற எடுபிடி ஒன்று இருக்கிறது, கடத்து ஆர்.என்.ஏ என்று பெயர். அது உருவானவுடனே வேலைக்குப் போய்விட முடியாது. முன்னே நறுக்க வேண்டும், பின்னே நறுக்க வேண்டும், வால் ஒட்ட வேண்டும். சிலதுக்கு நடு உடம்பில் வேண்டாத துண்டு ஒன்று இருக்கும், அதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்க்க வேண்டும். அந்தத் துண்டை வெட்டுகிற நொதிதான் சிட்டுவுக்குச் சரியில்லை. நமக்கு அது நாலு வெவ்வேறு புரதம் சேர்ந்த கூட்டு. இரண்டு வெட்டும், இரண்டு தாங்கிப் பிடிக்கும். அவளுக்குத் தாங்குகிற ஒன்று ஆட்டம் காண்கிறது.

ஆனால் கொதிக்கிற ஊற்றில் இருக்கும் சில நுண்ணுயிர்களில் ஒரே புரதம் நாலு பிரதியாகச் சேர்ந்து இதே வேலையைச் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றுதான் காலப்போக்கில் பிரதியெடுக்கப்பட்டு, பிரதிகள் ஒவ்வொன்றும் வேறாகி, நம்மிடம் நாலாக வந்து நிற்கிறது என்று.

என் கேள்வி இதுதான். அந்தப் பழையதை என் பெண்ணுக்குக் கொடுத்தால் என்ன?

சிட்டு அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "அவங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லைன்னு நெனச்சியா?" என்றார். நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன். ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
சிட்டு அம்மா


பிப்ரவரி 19

அம்மா அவர்களுக்கு,

முதலில் ஒன்று. நான் ஐயா இல்லை, பெண். கட்டுரையில் பெயர் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டது என் தப்பு.

நீங்கள் புரிந்துகொண்டது சரி. உங்கள் கேள்விக்குப் பதில்: முடியாது. நான் வைத்தியம் தெரிந்தவள் இல்லை. இந்த நொதிகள் எப்படித் தோன்றின, எப்படி மாறின என்று பார்க்கிறவள். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிட்டுவின் மூளைக்கு நேர்ந்தது அவள் பிறப்பதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. நாளைக்கே ஒரு நல்ல நொதி கையில் கிடைத்தாலும், வளராமல் போன இடத்தை அது திரும்ப வளர்க்காது. என் ஆய்வகத்தில் நடக்கிற எதுவும் சிட்டுவுக்கு உதவாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இந்த மரபணுவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி உண்டு. பழுதான பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் வந்து சேர்ந்தால்தான் இந்த நோய். ஒன்று மட்டும் வந்திருந்தால் சிட்டு உங்களைப் போலவே ஓடியாடிக்கொண்டிருப்பாள். யாராவது உங்களைக் குறை சொல்லியிருப்பார்களோ என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

இந்த இடத்தில் முடித்துத்தான் கடிதத்தை உறையில் போட்டேன். ஒட்டவில்லை. மூன்று நாள் மேஜை மேல் கிடந்தது. இன்று வெளியே எடுத்து மேலே எழுதுகிறேன்.

என் அண்ணன் வீட்டுக்குப் போகிற போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான். "இந்தக் கொதிதண்ணிப் பூச்சியால யாருக்கு என்ன பிரயோஜனம்?" நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். நீங்கள் கேட்டதை இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. சிட்டுவின் தோலில் அரிசியளவு கிடைத்தால் அந்தச் செல்களைத் தட்டில் வளர்க்கலாம். அதற்குள் பழைய நொதியை விட்டுப் பார்க்கலாம். தெரிந்துகொள்வதற்காக மட்டும்தான். அவளுக்காக அல்ல.

இதை எழுதியது சரியா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
நுண்ணுயிர் ஆய்வகத்திலிருந்து


மார்ச் 3

வெந்நீர் அக்காவுக்கு,

கொதிதண்ணிப் பூச்சி வளர்க்கிறவர் என்றதும் இந்தப் பெயர்தான் வாயில் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிட்டுவுக்கு உதவாது என்று எழுதிய வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதை வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வந்ததும் மாமியார் நிமிர்ந்தார். "எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு பொறந்ததே கெடையாது. அந்தம்மாவுக்கு எங்க குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். நான் சிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நாலு வருஷமாக அப்படித்தான். அவர் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்கிறவரை நிறுத்தியதும் இல்லை.

தோல் விஷயம் வந்ததும் மட்டும் டிவியை அணைத்தார். "எம்பொண்ணு என்ன எலியா? இதுவரைக்கும் குத்தினது பத்தலையா?"

"ஏப்ரல்ல எப்படியும் குழாயை மாத்தணும். மயக்கம் குடுத்துத்தான் மாத்துவாங்க. அப்பவே எடுத்துட்டா அவளுக்குத் தெரியக்கூட தெரியாது."

"அவளுக்கு எதுதான் தெரியுது?"

சொல்லிவிட்டு அவரே வெளியே போய்விட்டார். வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அக்கா, அவளுக்குத் தெரியும். என் குரல் கேட்டால் மூடியிருக்கும் வலது கை விரல் பிரியும். வேறு யார் குரலுக்கும் பிரியாது. டாக்டர் அதைத் தற்செயல் என்கிறார்.

டாக்டரிடம் பேசிவிட்டேன். அனுமதி வாங்குவது எல்லாம் அவர் பார்த்துக்கொள்கிறாராம். சிட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். கேட்டுவிட்டு அல்ல.

சிட்டு அம்மா


ஜூன் 12

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

சிட்டுவின் தோல் துணுக்கு வைத்த பெட்டி பத்திரமாக வந்தது. முதல் சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. தோல் துணுக்கு தட்டில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. நானும் தினம் காலையில் வந்தவுடன் பார்ப்பேன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேறு வேலைக்குப் போவேன். பிறகு ஒரு காலை, துணுக்கின் ஓரத்தில் நாலைந்து செல்கள் வெளியே வந்திருந்தன. இப்போது தட்டு நிறைந்துவிட்டது. நீளமாக, இரண்டு முனையும் கூர்ந்து, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுகிறேன். ஊட்டுவது என்றுதான் இதை நாங்கள் சொல்வோம்.

நீங்கள் கேட்ட நாலு பிரதி நொதி சரிப்படவில்லை. அது ரொம்பக் கறார். வெட்டவேண்டிய இடம் குறிப்பிட்ட மடிப்பில் இருந்தால்தான் தொடும். நம் கடத்து ஆர்.என்.ஏ.க்களில் மடிப்பு கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அதனால் நடுவழியில் நிற்கும் ஒன்றை எடுத்திருக்கிறேன். ஒன்று இரண்டாகப் பிரிந்தபிறகு, நாலாவதற்கு முன்னால் உள்ள நிலை. இதற்கு அவ்வளவு கறார் கிடையாது. இதை வைத்திருக்கும் நுண்ணுயிரைக் கந்தக நீரில் வளர்க்கத் தொடங்கியதிலிருந்து அழுகின முட்டை நாற்றம் என்று எதிர் அறைக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். என் தலைமுடியிலும் அடிக்கிறதாம். பேருந்தில் பக்கத்து இருக்கை எனக்கு எப்போதும் காலியாகவே கிடைக்கிறது.

சிட்டு எப்படி இருக்கிறாள்? உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் கோபமா?

வெந்நீர் அக்கா


ஜூலை 20

அக்கா,

பதில் எழுதத் தாமதம். சிட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நெஞ்சில் சளி. இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. பகலில் மாமியார் இருக்கிறார், சாயங்காலம் நான் போகிறேன். மாமியாரைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டேனோ என்றிருக்கிறது. சளி உறிஞ்சும் மெஷினை அவரைப்போல நோகாமல் பிடிக்க எனக்கே வராது. பிடித்துக்கொண்டே என்னைப் பேசவும் செய்வார், அது வேறு.

தோல் கொடுத்ததிலிருந்து சிட்டு அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை. "அம்மா, அவகிட்ட சாவி எங்கேன்னு கேளு" என்பார், நான் எதிரிலேயே நிற்பேன். உங்கள் கடிதம் வந்ததைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "வளருதாமா?" என்றார்.

"வளருதாம்."

"ம்" என்றார். குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

நேற்று கடைக்கு ஒரு பெண் குழந்தை வந்தது. சிட்டு வயதுதான் இருக்கும். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் அளவெடுக்க, "நேரா என்னைப் பாரும்மா" என்றேன். பார்த்தது. இமைக்காமல், நான் அளந்து முடிக்கும்வரை அப்படியே பார்த்தது. ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் அப்படிச் சொல்கிறேன். அன்றைக்கு மட்டும் அளவைத் தப்பாக எழுதிவிட்டேன், முதலாளி பார்த்துத் திருத்தினார்.

அங்கே ஏதாவது நடந்தால் உடனே எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ.

சிட்டு அம்மா


ஆகஸ்ட் 8

அக்கா,

சிட்டு நேற்று மத்தியானம் போய்விட்டாள்.

இழுப்பு நிற்கவே இல்லை. மருந்து மேல் மருந்து ஏற்றினார்கள். மாமியார்தான் பக்கத்தில் இருந்தார். அவர் ஃபோன் செய்தபோது நான் ஒருவருக்குக் காதோரம் ஃப்ரேமை வளைத்துக்கொண்டிருந்தேன். கையில் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு எடுப்போம் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

அதற்குமேல் எழுத வரவில்லை.


ஆகஸ்ட் 9

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

வேலை செய்கிறது!

மூன்று முறை திரும்பச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நொதி சேர்க்காத செல்களில் வெட்டப்படாத கடத்து ஆர்.என்.ஏ தேங்கிக் கிடக்கிறது. சேர்த்த செல்களில் அந்தத் தேக்கம் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது. துண்டு விழுந்திருக்கிறது, மிச்சம் சேர்ந்திருக்கிறது. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் நம்மிடமிருந்து பிரிந்துபோன ஒன்று, உங்கள் பெண்ணின் செல்லுக்குள் வந்து, மறந்துபோகாத வேலையைச் செய்கிறது. சோதனைப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆளில்லாத அறையில் கைதட்டினேன். அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "சரி, நல்லது" என்றார், அவரிடமிருந்து அதுவே பெரிது.

எச்சரிக்கையாகத்தான் எழுத வேண்டும், தெரியும். இன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். சிட்டுவிடம் சொல்லுங்கள். உங்கள் குரலில் சொன்னால் அவளுக்குக் கேட்கும்.

வெந்நீர் அக்கா


செப்டம்பர் 2

சிட்டு அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் போன மாதம் பன்னிரண்டாம் தேதி எனக்குக் கிடைத்தது. என்னுடையது அதற்குள் தபாலில் போயிருந்தது. தபால் நிலையத்துக்கு ஓடினேன். போனது போனதுதான் என்றார்கள். அது உங்கள் கையில் எந்த நாளில் வந்து விழுந்தது என்று நினைக்காமல் இந்த மூன்று வாரத்தில் ஒரு வேளை போகவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இல்லை, அதனால் கேட்கவில்லை.

நல்லதோ கெட்டதோ எழுதச் சொல்லியிருந்தீர்கள். நொதி சேர்த்த செல்கள் செத்துவிட்டன. எல்லாத் தட்டுகளிலும். முதலில் சுருங்கின, பிறகு பிடி விட்டு மிதந்தன.

ஏன் என்று இப்போது தெரிகிறது. நம் நொதி, துண்டு எங்கே தொடங்குகிறது என்று அளந்து பார்த்து வெட்டுகிறது. பழையது மடிப்பைப் பார்த்து வெட்டுகிறது. அதன் உலகத்தில் அந்த மடிப்பு பெரும்பாலும் வெட்டவேண்டிய இடத்தில்தான் இருக்கும். நம் செல்லில் வேறு எத்தனையோ ஆர்.என்.ஏ.க்களிலும் அதே மாதிரி மடிப்பு எதேச்சையாக விழுந்திருக்கிறது. அங்கெல்லாம் போய் வெட்டியிருக்கிறது. ஒன்று நாலாகிக்கொண்டிருந்தபோது மாறியது அது மட்டும் இல்லை, அதைச் சுற்றியிருந்த எல்லாமும் கூடவே மாறியிருக்கின்றன. திரும்பிப் போக வீடு இல்லை. என் கட்டுரையில் இதையே நான் வேறு வார்த்தையில் எழுதியிருந்தேன். எழுதியவளுக்கே உறைக்கவில்லை. பிரயோஜனப்பட வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

நொதி சேர்க்காத செல்கள் உயிரோடு இருக்கின்றன. இரண்டு தட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் உறைய வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். வைத்திருந்தால் எங்களுக்கு நிறையத் தெரியவரும் என்பது உண்மை. அதைச் சொல்ல இது நேரம் இல்லை என்பதும் உண்மை.


அக்டோபர் 5

அக்கா,

உங்கள் கடிதம், கைதட்டின கடிதம், வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப்போன அன்று வந்தது. சிட்டு அப்பாதான் பிரித்தார். சத்தமாக வாசிக்க ஆரம்பித்து, பாதியில் சத்தம் நின்றுவிட்டது. கடைசியில், "சிட்டுகிட்ட சொல்லணுமாம்" என்றார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். ஆனாலும் போனார்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் பொய் சொல்லவில்லை, உதவாது என்று முதலிலேயே எழுதினீர்கள். அதைப் படிக்காதவள் நான். ஆனாலும் கோபம் இருக்கிறது. நான் கேள்வி கொடுத்தேன், என் பெண் தோல் கொடுத்தாள், உங்களுக்கு ஒரு விடை கிடைத்தது. எங்களுக்கு என்ன கிடைத்தது? இதை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

உங்கள் செப்டம்பர் கடிதத்தில் ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு தட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூனில் ஊட்டுவது என்று எழுதியிருந்தீர்கள். நாலு வருஷம் அவள் வாயில் ஒரு சொட்டு நான் ஊட்டினதில்லை அக்கா. எல்லாம் குழாய். இங்கே அவள் கட்டிலை மடித்து வைத்துவிட்டோம், அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமைகூட வருவீர்களா?

சிட்டு அப்பாவிடம் சொன்னேன். இப்போது நேராகப் பேசிக்கொள்கிறோம், அந்த வீம்பைப் பிடித்துவைக்க இருவருக்கும் தெம்பு இல்லை.

"நிறுத்தச் சொல்லு" என்றார். கொஞ்சம் கழித்து, "நிறுத்தறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்."

இருபதாம் தேதி வருகிறோம்.

சிட்டு அம்மா


அக்டோபர் 28

சிட்டு அம்மாவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

நீங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டதால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். நுண்ணோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தார். நான் வெளியே போய்விடவா என்று கேட்டேன், இருக்கச் சொன்னார்.

"நிறுத்தினா வலிக்குமா?"

"வலிக்காது. அதுக்குள்ள நரம்பு கிடையாது. இது தோல் மட்டும்தான்."

"அந்தக் கடிதாசியில அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு எழுதியிருந்தீங்க. இதுல என்னோடது எது, அவளோடது எது?"

"அப்படிப் பிரிக்க முடியாதுங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ரெண்டு பேரோடதும் இருக்கு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

மறுபடி குனிந்து பார்த்தார். எழுந்தபோது முகத்தைத் துடைக்கத் துணி கேட்டார். கையில் கிடைத்த ஆய்வகத் துண்டைக் கொடுத்தேன், கந்தக நாற்றம் அடித்திருக்கும், அதிலேயே துடைத்துக்கொண்டார். நிறுத்துங்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன். நீங்கள் முடிவு சொல்லும்வரை வேறு யார் கையிலும் விட மாட்டேன்.

வெந்நீர் அக்கா


நவம்பர் 11

அக்கா,

போன ஞாயிறு மாமியாரின் தங்கை துக்கம் விசாரிக்க வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்தது. "எங்க பக்கத்துல இப்படி ஒண்ணு கெடையாது, எல்லாம் வந்த எடத்துக் கோளாறு" என்று மாமியார் ஆரம்பித்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாதி நான் குடுத்ததும்மா" என்றார் சிட்டு அப்பா.

"என்னடா சொல்றே?"

"நீயோ அப்பாவோ எனக்குக் குடுத்தது. நான் அவளுக்குக் குடுத்தேன். கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன். இனிமே இவளைச் சொல்லாதே."

பார்த்ததெல்லாம் தோல்தான், அதில் அதெல்லாம் தெரியாது என்று எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. மாமியார் எழுந்து போய்ச் சமையலறையில் அழுதார். நாலு வருஷம் சளி எடுத்த கை அது. நான் பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. நாலு வருஷம் கழித்து வந்த பேச்சு, அதை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆசையாக இருந்தது. மறுநாள் காலை இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல் காய் நறுக்கினோம்.

அவரும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். வளர்ந்துகொண்டிருப்பதை நிறுத்திவிடுங்கள். அவளுக்கு இனி யாரும் ஊட்ட வேண்டாம். உறைய வைத்திருப்பதைப் பற்றி இன்னும் பேச முடியவில்லை. அவர் இருக்கட்டும் என்கிறார், எனக்கு அவள் குளிரில் கிடப்பதுபோல இருக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான். கொஞ்ச நாள் விடுங்கள்.

மறுபடி ஒரு பிள்ளை பற்றி டாக்டர் பேச்சை எடுத்தார். இந்த நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிடலாமாம். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நிறுத்தியதும் எனக்கு எழுதாதீர்கள். இன்றைக்கு நிறுத்தினாலும் சரி, அடுத்த மாதம் நிறுத்தினாலும் சரி, எந்த நாள் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அவள் போன நாள் ஒன்று எனக்குத் தெரியும். அது போதும்.

சிட்டு அம்மா